கடிதத்தில் நான் எழுதிய பெயர்

அந்த வலை உங்களுடையது, தலைவர். அது தடை செய்யப்பட்ட தங்கூசி நைலோன் வலை என்று தெரிந்தே வாங்கினீர்கள், தெரிந்தே எங்கள் கையில் தந்தீர்கள். பிடிபட்ட ஒவ்வொரு தடவையும் எங்களில் ஒருவனை நீதிமன்றத்துக்கு அனுப்பி, வலை தன்னுடையது என்று சொல்ல வைத்தீர்கள். நீங்கள் ஒரு நாளாவது கூண்டில் ஏறவில்லை.

இதைச் சொல்ல உனக்கு என்ன தகுதி என்று கேட்பீர்கள். ஒரு தகுதியும் இல்லை. உங்கள் பொய்யை என் கையால் எழுதிக் கொடுத்தவன் நான். அதைவிடக் கேவலமான ஒன்றையும் செய்தேன். இரண்டையும் மறைக்காமல் எழுதுகிறேன். வாசிக்கிறவர்கள் என் மேல் துப்பினாலும் பரவாயில்லை, மிச்சம் உங்களுக்கும் இருக்கட்டும்.

வெளியாட்களுக்காக முதலில் ஒன்றைச் சொல்ல வேண்டும். திருகோணமலைத் துறைமுகத்தின் உள்கரையில் எங்கள் வாடிகள், வலையும் எஞ்சினும் வைக்கிற கொட்டில்கள், இருக்கின்றன. எங்கள் கரையில் 'முறை' என்று ஒரு பழக்கம் உண்டு. ஒரு போட்டில் நான்கு பேர் போவோம். கடற்படையிடம் வலையோடு பிடிபட்டால் நால்வரில் ஒருவன் வலை என்னுடையது என்று சொல்ல வேண்டும். மற்ற மூவரும் அவனிடம் கூலிக்கு வந்தவர்கள் என்று வாக்குமூலம் கொடுப்பார்கள். வழக்கு அந்த ஒருவன் மேல் மட்டும் விழும். அவன் போய்க் குற்றத்தை ஒத்துக்கொள்வான், தலைவரின் மீனவர் சங்கம் தண்டத்தைக் கட்டும், அடுத்த தடவை இன்னொருவன். யாருடைய முறை என்று எங்கும் எழுதி வைப்பதில்லை. எல்லோருக்கும் மனப்பாடம்.

போட் தலைவரின் மாமியார் பெயரில் பதிவு. போட்டைப் பறிகொடுக்காமல் இருக்கவும் அவர் ஒரு வழி வைத்திருந்தார். 'இந்தப் போட்டை இன்னாருக்கு வாடகைக்குக் கொடுத்தேன், அவர் என்ன வலை கொண்டுபோனார் என்று எனக்குத் தெரியாது' என்று ஒரு கடிதம். மாமியார் கையெழுத்து வைத்த பத்துப் பன்னிரண்டு கடிதங்கள் வாடியில் ஒரு பிஸ்கட் டின்னுக்குள் எப்போதும் கிடக்கும். பெயரும் திகதியும் மட்டும் வெறுமையாக இருக்கும். ஒருவன் பிடிபட்டதும் அவன் பெயரை எழுதி, அவன் கையெழுத்தையும் வாங்கிப் பொலிசுக்குக் கொடுப்பது வழக்கம்.

அந்தப் பெயரை எழுதுகிறவன் நான். என் எழுத்து அச்சுப் போல இருக்கும் என்று பள்ளிக்கூடத்திலேயே சொல்வார்கள். பெயரை எழுதி அடியில் இரண்டு கோடு இழுப்பேன். வகுப்பில் தலைப்புகளுக்கு இழுத்துப் பழகியது, கை விடவில்லை. என் சொந்தப் பெயரையே இரண்டு தடவை அந்தக் கடிதத்தில் எழுதி, இரண்டு தடவையும் கோடு இழுத்திருக்கிறேன்.

முதல் முறை போனபோது எனக்குப் பயமே இல்லை. மனைவி வெள்ளைச் சேட்டை அழுத்தித் தந்தாள். நீதிமன்ற வாசலில் நீங்கள் நின்றீர்கள்.

"கோட்டுக்குப் போறது கோயிலுக்குப் போறமாதிரித்தான். உள்ளுக்குப் போ, கும்பிடு, கேட்டதுக்குச் சொல்லு, வா" என்றீர்கள்.

குற்றச்சாட்டை வாசித்தார்கள். குற்றவாளி என்றேன். அரை மணித்தியாலம்கூட ஆகவில்லை. வெளியே வந்ததும் கடையில் ரோல்சும் பிளேன்டீயும் வாங்கித் தந்தீர்கள். கரைக்கு வந்தால் எல்லோரும் எழும்பி நின்று பகிடி பண்ணினார்கள். "வாங்கோ முதலாளி! வலைக்காரர் வாறார், வழி விடுங்கோடா!" எனக்குப் பெருமையாக இருந்தது. நீதவானுக்கு முன்னால் நின்று பொய் சொல்லிவிட்டு வந்து ரோல்ஸ் தின்றவனுக்குப் பெருமை. இப்போது நினைத்தால் தொண்டையில் அந்த எண்ணெய் நாற்றம் வருகிறது.

இரண்டாம் முறை அப்படி இருக்கவில்லை. நீதவான் கண்ணாடிக்கு மேலால் பார்த்தார். "முன்னரும் வந்திருக்கிறீர். இன்னொரு தடவை வந்தால் தண்டத்தோடு முடியாது" என்றார். சத்தம் போட்டுச் சொல்லவில்லை. வெளியே நீங்கள் வாங்கித் தந்த ரோல்சை நான் நாய்க்குப் போட்டேன். நீங்கள் காணவில்லை.

என் தங்கச்சியின் கணவர் இலங்கைத்துறையில் பிறந்தவர். கல்யாணம் முடித்து எங்கள் கரைக்கு வந்தார். சங்கத்தில் சேர்த்தது நான், போட்டில் ஏற்றியதும் நான். என்னைவிட எட்டு வயது குறைவு. மச்சான் என்று கூப்பிட்டாலும் 'நீங்கள்' என்று மரியாதை போட்டுத்தான் என்னோடு கதைப்பார். பிறத்தியான் என்ற கூச்சம் அவருக்குக் கடைசி வரை போகவில்லை. கூட்டங்களில் பின் கதிரையில்தான் இருப்பார்.

துறைமுகத்தில் கப்பல் இழுக்கிற படகுக்கு ஆள் எடுத்தார்கள். மச்சான் நேர்முகத் தேர்வில் தெரிவானார். மாதச் சம்பளம், லீவு, கடல் கொந்தளித்தாலும் வீட்டில் உலை கொதிக்கும் என்ற நிச்சயம். பொலிஸ் நற்சான்று அறிக்கை ஒன்றுதான் பாக்கி. அதற்கான படிவத்தை என் வீட்டு மேசையில் வைத்து நான்தான் நிரப்பினேன். தங்கச்சி பக்கத்தில் நின்றாள். முன்னர் ஏதாவது குற்றத்துக்குத் தண்டிக்கப்பட்டதுண்டா என்ற இடத்தில் 'இல்லை' என்று எழுதினேன். அந்த 'இல்லை'யின் பெறுமதி எனக்கு நன்றாகத் தெரியும் என்பதற்காகவே இதைச் சொல்கிறேன். தெரியாமல் செய்தேன் என்று ஒளிந்துகொள்ள எனக்கு இடம் கிடையாது.

இரண்டு கிழமை கழித்துப் பிடிபட்டோம்.

விடிந்து கொஞ்ச நேரம். துறைமுக வாயிலுக்கு உட்புறம் நின்றோம். வலை பாதி போட்டுக்குள்ளும் பாதி தண்ணீரிலும் கிடந்தது. கடற்படைப் படகு பக்கத்தில் வந்து எஞ்சினைத் தணித்தது. தோளில் துவக்கோடு நின்ற சிப்பாய் தெரிந்த தமிழில் கேட்டான்.

"வலை யாருது?"

என் முறை. போட்டில் இருந்த நான்கு பேருக்கும் தெரியும். மற்ற இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். எனக்கு நீதவானின் கண்ணாடி ஞாபகம் வந்தது. நான் வாயைத் திறக்கவில்லை. நாடியை உயர்த்தி மச்சானைக் காட்டினேன்.

அவ்வளவுதான் நான் செய்தது. ஒரு சொல்கூட இல்லை. முகத்தில் இலையான் மொய்த்தால் தலையை அசைப்போமே, அவ்வளவு சின்ன அசைவு.

மச்சான் வலையைப் பிடித்தபடி என்னைப் பார்த்தார். பிறகு மற்ற இரண்டு பேரையும் பார்த்தார். அவர்கள் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கேள்வி இரண்டாம் தரம் வந்தது. "ஓம், என்ர" என்றார் மச்சான்.

பொலிசில் வாக்குமூலம் எடுத்துப் பிணையில் விட்டார்கள். போட் கடிதத்தை அன்றைக்கே கொண்டுவரச் சொன்னார்கள். வாடிக்கு வந்தோம். மச்சான் வெளியே வாளித் தண்ணீரில் கால் கழுவிக்கொண்டிருந்தார். நீங்கள் பிஸ்கட் டின்னைத் திறந்தபடி என்னைக் கேட்டீர்கள்.

"இந்த முறை உன்ரயெல்லோ?"

"அவரும் பழகட்டும், தலைவர்" என்றேன்.

நீங்கள் சிரித்தீர்கள். "அதுவும் சரிதான். மாப்பிளையும் எங்கட ஆளாகட்டும்."

நான் கடிதத்தை எடுத்து அவர் பெயரை எழுதினேன். அழகாக எழுதினேன். அடியில் இரண்டு கோடு இழுத்தேன். மச்சான் ஈரக் காலோடு உள்ளே வந்து, வாசிக்காமல், நான் காட்டிய இடத்தில் கையெழுத்து வைத்தார்.

மத்தியானம் தங்கச்சி வந்து எங்கள் குசினி வாசலில் நின்றாள். உள்ளே வரவில்லை.

"அண்ணா, இவர் கோட்டில ஒத்துக்கொண்டா அந்தப் பொலிஸ் அறிக்கையில வருமோ?"

"சின்ன வழக்கு, பிள்ளை. தண்டம் கட்டினா முடிஞ்சுது."

"நான் அதைக் கேக்கேல்ல. வருமோ, வராதோ?"

"தெரியாது."

"ரெண்டு தரம் போய் வந்தனீங்கள். இதுகூடத் தெரியாமலோ போனீங்கள்?"

உண்மையில் தெரியாமல்தான் போனேன். என் பெயருக்குப் பக்கத்தில் என்ன எழுதினார்கள், அது எங்கே போய் நிற்கும், எத்தனை வருடம் நிற்கும் என்று நான் யாரையும் கேட்டதில்லை. காய்ச்சல் என்றால் டாக்டரிடம் போகிறோம். எஞ்சின் நின்றால் மெக்கானிக்கைத் தேடுகிறோம். நீதிமன்றத்துக்கு மட்டும் எங்கள் கரையில் எல்லோரும் உங்களைக் கேட்டுவிட்டுத்தான் போனோம்.

தங்கச்சியும் முதலில் உங்களிடம்தான் வந்தாள். நானும் கூட வந்தேன். ஞாபகம் இருக்கும்.

"லோயர் பிடிச்சா வழக்கு இழுபடும், தங்கச்சி. ஒத்துக்கொண்டா அரை மணித்தியாலம். லோயர்மாருக்கு என்ன, தவணை போனாத்தானே அவைக்குச் சோறு" என்றீர்கள்.

"உங்கட மகனெண்டா ஒத்துக்கொள்ளச் சொல்லுவீங்களோ, தலைவர்?"

"என்ர மகன் கடலுக்குப் போறதில்லையே!" என்று சொல்லி நீங்கள் சிரித்தீர்கள்.

நானும் சிரித்தேன். தங்கச்சி உங்களைப் பார்க்கவில்லை, திரும்பி என்னைப் பார்த்தாள்.

பிரதேச செயலகத்தில் வேலை செய்யும் ஒரு பெண் அவளுக்கு இலவச சட்ட உதவி அலுவலகத்தைப் பற்றிச் சொல்லியிருந்தார். வசதியில்லாதவர்களுக்கு அங்கே சட்டத்தரணி கிடைப்பார், ஆனால் வசதியில்லை என்று கிராம சேவகரிடம் கடிதம் கொண்டுபோக வேண்டும். கோட்டு வழக்கம் தெரிந்தவர் என்று என்னையும் கூட்டிக்கொண்டு போனாள். கிராம சேவகர் வரிசையில் நின்ற சனம் முழுவதற்கும் கேட்கும்படி, "என்ன வழக்கு? கஞ்சாவோ?" என்றார். நான் தலையைக் குனிந்தேன். தங்கச்சி குனியவில்லை.

"வலை வழக்கு, ஐயா. ஆரின்ர வலையெண்டு உங்களுக்கும் தெரியும்."

அவர் முத்திரையை எடுத்துக் குத்தினார்.

சட்டத்தரணிக்கு முப்பது முப்பத்தைந்து வயதிருக்கும். காற்றாடிக்குக் காகிதங்கள் பறக்காமல் மேசையில் ஒரு பெரிய சிப்பியை வைத்திருந்தார். மச்சான், தங்கச்சி, நான், மூன்று பேரும் பிளாஸ்டிக் கதிரைகளில் வரிசையாக இருந்தோம். நான் வாய் ஓயாமல் கதைத்தேன். அனுபவக்காரன் அல்லவா.

"நீங்கள் எத்தனை தரம் கோட்டுக்குப் போயிருக்கிறீங்கள்?" என்று என்னைக் கேட்டார்.

"ரெண்டு தரம், மிஸ்."

"ரெண்டு தரமும் உங்கட வலைதானோ?"

"இல்லை."

"அப்ப ஏன் ஒத்துக்கொண்டனீங்கள்?"

"முறை, மிஸ்."

அவர் பேனையை வைத்துவிட்டார். "முறையெண்டா?"

தங்கச்சிதான் விளக்கினாள். சொல்லச் சொல்ல அவளுக்கே கோபம் ஏறியது. சட்டத்தரணி பேனையைத் திரும்ப எடுத்துக் குறித்தார். முடிந்ததும் சொன்னார்:

"தண்டம் கட்டினாலும் அது குற்றத் தீர்ப்புத்தான். பதிவில நிக்கும், பொலிஸ் அறிக்கையில வரும். இவர் மேல இருக்கிறது அந்த வலையைத் தன்ரயெண்டு வச்சிருந்த குற்றச்சாட்டு. வச்சிருந்தது இவர் இல்லையெண்டு காட்டினா வழக்கு நிக்காது. இவர் ஒத்துக்கொள்ளக்கூடாது." பிறகு என் பக்கம் திரும்பினார். "இந்தத் தரம் ஆரின்ர முறை?"

"அவர்ட முறைதான்" என்றேன்.

மச்சான் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இங்க சொல்றது இந்த அறையை விட்டு வெளியில போகாது. பொய் ஏதும் இருந்தா இப்பவே சொல்லிடுங்கோ. கோட்டில வச்சுத் தெரிய வந்தா எனக்கு ஒண்டும் செய்ய ஏலாது" என்றார். நான் பிழையாக ஒன்றும் செய்யாதவன் போல விண்ணப்பப் படிவத்தை இழுத்து நிரப்பத் தொடங்கினேன். மச்சானின் பெயரை எழுதினேன். வழமை போல இரண்டு கோடு.

வழக்கு நாளில் எங்கள் கரைச் சனம் வழமையைவிட அதிகமாக வந்திருந்தது. லோயர் வைத்த செய்தி பரவியிருந்தது. குற்றச்சாட்டை வாசித்தார்கள். மச்சான் கூண்டில் இருந்து ஒரு தரம் என்னைத் தேடிப் பார்த்தார். நான் உங்களுக்குப் பக்கத்தில் நின்றேன், தலைவர். இடம் கிடைத்தது அங்கேதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

"சுற்றவாளி" என்றார் மச்சான். குற்றம் செய்யவில்லை என்று நீதிமன்றத்தில் சொல்கிற சொல் அது. எங்கள் கரையில் அதைச் சொன்ன முதல் ஆள் அவர். பின்னால் யாரோ உச்சுக்கொட்டினார்கள். வழக்கு விளக்கத்துக்கு, அதாவது சாட்சி விசாரணைக்கு, இன்னொரு தவணை போட்டார்கள்.

வெளியே வந்ததும் என் தோளைப் பிடித்தீர்கள். "ஆரடா இவருக்கு இதைப் படிப்பிச்சது?"

"அந்த லோயர் பொம்பிளைதான், தலைவர். நான் சொன்னனான் வேண்டாமெண்டு."

ஒரு சதம் வாங்காமல் என் குடும்பத்துக்காக நின்றவரை ஒரு வசனத்தில் விற்றேன்.

அதன் பிறகு நடந்ததை நீங்களே செய்தீர்கள், நான் ஞாபகப்படுத்தத் தேவையில்லை. வாசிக்கிறவர்களுக்குத் தெரியட்டும். சங்கத்து வட்ஸ்அப் குழுவில் உங்கள் குரல் வந்தது. "ஒரு குடும்பம் முழுக் கரையின்ர வயித்தில அடிக்குது." மச்சானுக்குப் போட்டில் இடம் இல்லாமல் போனது. வேறு போட்களும் ஏற்றவில்லை. வெருகல் பக்கம் வயலில் கூலிக்குப் போகத் தொடங்கினார். கடல்காரன் சேற்றில் நின்று நாற்று நட்டுவிட்டு பஸ்ஸில் வருவார். துறைமுக வேலைக்காரர்கள், வழக்கு முடிந்த கடிதத்தைக் கொண்டுவந்தால் பார்க்கலாம் என்று சொல்லியிருந்தார்கள். அந்த ஒரு கடிதத்தை நம்பித்தான் அந்த வீடு ஓடியது.

நான்? நான் அதே போட்டில் போனேன். அவர் நின்ற இடத்தில் வேறொருவன் நின்று வலை இழுத்தான். நான் அவனோடு பகிடியும் விட்டேன். தங்கச்சி வீட்டுக்கு மீன் கொண்டுபோனால் வாங்கினாள். அதுதான் என்னால் தாங்க முடியாமல் இருந்தது. என்னை நம்பித்தானே அந்த மீனை வாங்கினாள்.

ஒரு நாள் சட்டத்தரணி என்னைத் தனியாக வரச் சொன்னார். மேசையில் இரண்டு காகிதங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருந்தார். ஒன்று, வழக்குக் கோவையில் இருந்து எடுத்த போட் கடிதத்தின் பிரதி. மற்றது, அன்று நான் நிரப்பிய விண்ணப்பம். இரண்டிலும் மச்சானின் பெயர், ஒரே எழுத்து, அடியில் இரண்டிரண்டு கோடு.

"இதைப் பாருங்கோ" என்றார்.

பார்த்தேன். ஒரு பொய்யைப் பொலிசுக்கு எழுதிய கை அதே எழுத்தில் உதவிக்கும் விண்ணப்பம் எழுதியிருந்தது. அவ்வளவு மடையன் நான். உங்கள் கடிதங்கள் கோட்டுக் கோவைக்குள் போனால் அப்படியே செத்துப்போய்விடும் என்று நினைத்திருந்தேன். யாரும் திறந்து வாசிப்பார்கள் என்று எங்கள் கரையில் ஒருவரும் நினைத்ததில்லை.

"உங்கட தங்கச்சியின்ர புருஷன்தான் எனக்குக் கட்சிக்காரர். நான் அவருக்காகத்தான் கேக்கிறன். அண்டைக்கு ஆரின்ர முறை?"

"என்ர."

இவ்வளவு நாளும் நெஞ்சுக்குள் முட்டிக்கொண்டு நின்றது, ஒரு சொல்லில் வெளியே வந்துவிட்டது. பிறகு எல்லாவற்றையும் கொட்டத் தொடங்கினேன். அவர் கையை உயர்த்தி நிற்பாட்டினார்.

"போதும். இனி என்னட்ட ஒண்டும் சொல்லாதீங்கோ. உங்களுக்கு நல்லது அவருக்குக் கூடாது, அவருக்கு நல்லது உங்களுக்குக் கூடாது. ரெண்டு பேருக்கும் நான் நிக்க ஏலாது. உங்களுக்கு வேற லோயர் வேணும்."

"எனக்கோ? என் மேல வழக்கு இல்லையே, மிஸ்."

"உண்மையைச் சொன்னா வரலாம். சொல்றதா விடுறதா எண்டு நான் உங்களுக்குச் சொல்லக்கூடாது. அதுக்குத்தான் வேற ஆளிட்டப் போகச் சொல்லுறன்."

"என்னைப் பொலிசில குடுப்பீங்களோ?"

"அது என்ர வேலையில்ல, அண்ணா" என்றார். சிப்பியைத் தூக்கி இரண்டு காகிதங்களுக்கும் மேல் வைத்தார். அவர் திட்டியிருந்தால் நான் திருப்பிச் சத்தம் போட்டிருப்பேன், அதில் கொஞ்சம் ஆறியிருக்கும். அவர் திட்டவில்லை.

அங்கிருந்து நேரே தங்கச்சி வீட்டுக்குப் போனேன். மச்சான் வயலால் வந்து முற்றத்தில் காலில் ஒட்டியிருந்த சேற்றை உரித்துக்கொண்டிருந்தார். தங்கச்சி கொடியில் உடுப்பு எடுத்துக்கொண்டிருந்தாள். நின்றபடியே சொன்னேன். என் முறை, நாடியால் காட்டினேன், பெயரை நான் எழுதினேன், லோயரிடம் பொய் சொன்னேன். 'அவரும் பழகட்டும்' என்றதையும் சொன்னேன். அதைச் சொல்லும்போது மட்டும் குரல் உடைந்தது. அதற்காக எனக்கு என் மேலேயே அருவருப்பு வந்தது. அழுகிற உரிமை எனக்கு எங்கே இருக்கிறது?

தங்கச்சி கையில் இருந்த சேட்டை இரண்டாக மடித்தாள், நாலாக மடித்தாள்.

"இவர் சொல்றதைக் கேட்டீங்களோ?" என்றாள் புருஷனிடம்.

இவர். பிறந்த நாளில் இருந்து அண்ணா என்று கூப்பிட்டவள். அடித்திருக்கலாம்.

"எனக்கு அண்டைக்கே தெரியும்தானே ஆரின்ர முறையெண்டு" என்றார் மச்சான்.

"பிறகேன் ஓமெண்டனீங்கள்? என்னட்டயும் ஒரு சொல்லுச் சொல்லேல்ல!"

"அவன் துவக்கோட நிக்கிறான். நாலு பேரில ஒருத்தரும் வாய் திறக்கேல்ல. ஆரோ சொல்லத்தானே வேணும். பிறகு, உன்ர அண்ணன். உன்னட்ட என்னெண்டு சொல்ல?" உரித்த சேற்றைத் தூர எறிந்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். அவர் குரல் அப்படிக் கடுமையாக நான் கேட்டதில்லை. "அண்டைக்கு நாடியால காட்டினீங்கள், மச்சான். கோட்டில வாயால சொல்லுங்கோ."

அடுத்த கிழமை நானே கிராம சேவகரிடம் போனேன். "போன மாதம் தங்கச்சி, இந்த மாதம் அண்ணனோ? குடும்பத்தோட கோட்டுப் படி ஏறுறீங்கள் போல" என்றார். வரிசை சிரித்தது. கடிதத்தை வாங்கிக்கொண்டு போய் அதே பிளாஸ்டிக் கதிரையில் இருந்தேன். இந்தத் தடவை படிவத்தில் என் பெயரை எழுதினேன். கோடு இழுக்கவில்லை.

எனக்குக் கிடைத்த சட்டத்தரணி வயதானவர், நறுக்கென்று பேசுகிறவர். எல்லாவற்றையும் கேட்டார். "உங்களை நீங்களே மாட்டிக்கொள்ளச் சொல்லி ஒருத்தரும் கட்டாயப்படுத்த ஏலாது. பேசாமலும் இருக்கலாம். பேசினா, வலை வழக்கும் வரலாம், பொய்க் கடிதம் எழுதின வழக்கும் வரலாம். உங்களுக்கு ஏற்கனவே ரெண்டு பதிவு இருக்கு. உள்ளுக்குப் போனாலும் போவீங்கள்" என்றார். யாரும் முன்னர் எனக்கு இப்படி விளக்கிச் சொன்னதில்லை. முதல் முறை போகும்போதே இந்தக் கதிரையில் வந்து இருந்திருந்தால் என்று நினைத்தேன். அலுவலகம் நீதிமன்றத்தில் இருந்து நடை தூரம். ரோல்ஸ் தின்ற கடைக்கு எதிர்ப்புறம். ஒரு நாளும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

"சாட்சி சொல்லப்போறன், ஐயா" என்றேன்.

"யோசிச்சுச் சொல்லுங்கோ."

"யோசிச்சுத்தான் இவ்வளவும் கெட்டது."

எனக்குப் பயமாக இருக்கிறது. எழுத்து முன்னைப் போல அழகாக வரவில்லை. மற்ற இரண்டு பேரும் வாய் திறக்க மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். பிஸ்கட் டின் இப்போது வாடியில் இல்லை, தலைவர். நான் போய்ப் பார்த்தேன். அது இருந்த தட்டில் வட்டமாகத் துரு மட்டும் இருக்கிறது.

வலை மச்சானுடையது இல்லை என்று நான் சொல்வேன். அப்படியென்றால் யாருடையது என்று கேட்பார்கள். அதையும் சொல்வேன். நான் சொல்வதை மட்டும் வைத்து நம்புவார்களா தெரியாது. இரண்டு தரம் அதே கூண்டில் பொய் சொன்னவன் சொல்வதை யார் நம்புவார்கள்? அந்தப் பொய்களை எனக்குப் பழக்கியவர் சொன்னால் நம்புவார்கள். அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன். மச்சானுக்கு வேலையும் பெயரும் மிஞ்சுமா என்பது என் வாயில் பாதிதான் இருக்கிறது. மற்றப் பாதி உங்கள் வாயில்.

வழக்குக்கு முந்திய ஞாயிறு சங்கத்தின் மகாசபைக் கூட்டம். நான் வருவேன். இந்தத் தடவை மச்சான் பின் கதிரையில் இருக்க மாட்டார், எனக்குப் பக்கத்தில் இருக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். வருவாரா என்று தெரியாது, தங்கச்சி வருவாள். அறிக்கை வாசிக்க முன்னர் நான் எழும்பி, நான் செய்தது அத்தனையையும் எல்லோர் முன்னாலும் சொல்வேன். கூசினாலும் சொல்வேன். நான் திரும்பக் கதிரையில் இருந்ததும் நீங்கள் எழும்ப வேண்டும். வாடியில் என் தோளைப் பிடித்து இரகசியமாகச் சொல்கிற கதை வேண்டாம். வட்ஸ்அப் குரலும் வேண்டாம். மைக்கைப் பிடித்து, முறைக்குப் போன ஒவ்வொருவனின் முகத்தையும் அவன் பெண்சாதியின் முகத்தையும் பார்த்து, கடைசிக் கதிரைக்கும் கேட்கப் பதில் சொல்லுங்கள், தலைவர்: அந்த வலை யாருடையது?